அணைக்கு அடுத்த வருஷம் எத்தனை பேர் வருவார்கள்?

கேள்வி இது: "ஐயா, பொள்ளாச்சிப் பக்கம் ஓர் அணைப் பூங்காவில் வண்டி நிறுத்தக் குத்தகை ஏலத்துக்கு வருகிறது. மூன்று வருஷ நுழைவுச்சீட்டுக் கணக்கு கைக்குக் கிடைத்திருக்கிறது. மூன்றையும் சராசரி எடுத்து, பத்து சதவீதம் ஏற்றிக்கொண்டால் அடுத்த வருஷத்துக்குப் போதுமா? இதற்கென்று முறை ஏதாவது இருக்கிறதா?"

முறை இருக்கிறது தம்பி. எழுபது எண்பது வருஷமாகவே இதில் மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நீங்கள் கேட்டிருப்பது வருஷத்து மொத்தம். சராசரியோடு பத்து சதவீதம் என்பது மொத்தத்துக்கு அவ்வளவு மோசமான கணிப்பு இல்லை. பல சமயம் பெரிய சூத்திரங்களும் அதன் பக்கத்தில்தான் போய் நிற்கும். சிக்கல் என்னவென்றால் உங்கள் குத்தகைக்கு மொத்தத்தால் பெரிய பிரயோஜனம் கிடையாது. நம் பக்கத்து அணைகளில் செவ்வாய், புதனில் காவலாளியும் குரங்குகளும்தான் இருப்பார்கள். வருஷ வருமானத்தின் பெரும்பகுதி ஞாயிற்றுக்கிழமைகளிலும் விரல்விட்டு எண்ணக்கூடிய பண்டிகை நாட்களிலும் வந்து விழும். அந்த நாட்களில் உங்கள் இடத்தில் வண்டி கொள்ளுமா, எத்தனை ஆள் போட வேண்டும், மழை பெய்தால் எவ்வளவு போகும் என்பதுதான் லாப நஷ்டத்தைத் தீர்மானிக்கும். ஆகவே வருஷத்தைக் கணிக்காதீர்கள். ஒவ்வொரு நாளையும் கணியுங்கள், மொத்தம் தானாக வந்து சேரும்.

அதற்கு முன் கையில் இருக்கும் கணக்கைக் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். நுழைவுச்சீட்டு என்பது ஆள் எண்ணிக்கை ஆகாது. சின்னக் குழந்தைக்குச் சீட்டு இருக்காது. கேமராவுக்குத் தனிச்சீட்டு இருக்கும். மொத்தத் தொகையை ஒரு சீட்டு விலையால் வகுத்து ஆள் கணக்கு எடுத்திருந்தால் கேமராவும் ஆளாகியிருக்கும். பூங்கா ஒரு துறை, படகு இன்னொரு துறை, மீன் காட்சியகம் வேறொரு துறை என்று இருக்கும் இடத்தில் ஒரே குடும்பம் மூன்று கணக்கிலும் ஏறும். அணைக்கு மேல் போகும் சாலையில் வண்டியை ஓரங்கட்டி, போட்டோ எடுத்து, மாங்காய் தின்றுவிட்டுப் போகிறவர்கள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள். ஆனால் அவர்களும் வண்டி நிறுத்துகிறார்கள். உங்களுக்கு வேண்டியது வண்டிக் கணக்கு. அது வேறு கணக்கு.

அமெரிக்காவில் இந்தக் குழப்பத்தை வேறு விதமாகக் கையாண்டார்கள். அங்கே வனத்துறை ஒரு காலத்தில் 'பார்வையாளர் நாள்' என்று 12 மணி நேரத்தை ஓர் அலகாக வைத்திருந்தது. ஒருவர் 12 மணி நேரம் இருந்தாலும் ஒன்றுதான், நான்கு பேர் மூன்று மணி நேரம் இருந்தாலும் ஒன்றுதான். நிலம், தண்ணீர், கழிப்பறை எவ்வளவு தேய்கிறது என்று பார்க்க அது உதவும். சீட்டு விற்க உதவாது. எதற்காக எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் எதை எண்ணுவது என்பது.

அங்கே இந்தத் துறை வளர்ந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. 1944இல் வந்த வெள்ளத்தடுப்புச் சட்டம், ராணுவப் பொறியாளர் படை கட்டும் அணைகளில் பொழுதுபோக்கு வசதிகளையும் செய்துகொள்ள வழிவிட்டது. 1965இல் வந்த இன்னொரு சட்டம், மத்திய அரசின் நீர்த்திட்டங்களில் பொழுதுபோக்குப் பயனையும் சேர்த்துத் திட்டமிடச் சொன்னது. அணையின் செலவை நியாயப்படுத்த, "இத்தனை பேர் வருவார்கள்" என்று காட்ட வேண்டிய கட்டாயம் வந்துவிட்டது. கட்டாத அணைக்கு ஏது சீட்டுக் கணக்கு? அதனால் 'ஒத்த அணை' முறை என்று ஒன்றை எடுத்தார்கள். புதிய அணையைப் போலவே பரப்பும் வசதியும் சுற்றுப்புறமும் உள்ள பழைய அணை ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. அதற்கு எந்தெந்த மாவட்டத்திலிருந்து எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்டறிந்து, அந்தந்த மாவட்ட மக்கள்தொகையால் வகுப்பது. தலைக்கு எத்தனை வருகை என்ற எண் கிடைக்கும். தூரம் கூடக்கூட அந்த எண் சரியும். அந்தச் சரிவுக் கோட்டைப் புதிய அணையைச் சுற்றியுள்ள ஊர்களின் மக்கள்தொகை மீது போட்டுக் கூட்டினால் கணிப்பு தயார்.

இந்த முறையின் வேர் அந்த 1965 சட்டத்தைவிடப் பழையது. 1947இல் ஹெரால்ட் ஹோட்டலிங் என்ற பொருளியலாளர் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறைக்கு ஒரு கடிதம் எழுதினார். பூங்காவைச் சுற்றி வட்ட வட்டமாக மண்டலம் பிரியுங்கள், ஒவ்வொரு மண்டலத்திலிருந்தும் வந்து போகும் செலவையும் வருகிறவர் எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள், மக்கள் அந்த இடத்துக்கு என்ன மதிப்பு வைக்கிறார்கள் என்று தெரிந்துவிடும் என்பது சாரம். 1959இல் மேரியன் கிளாசன் அதை உண்மையான கணக்காக்கிக் காட்டினார். நுழைவுச்சீட்டு பத்து ரூபாயா இருபதா என்பதைவிட, வீட்டிலிருந்து வந்து சேர என்ன ஆகிறது என்பதுதான் ஒருவர் வருவதைத் தீர்மானிக்கிறது. நம்மூரில் இதற்கு ஒரு உதாரணம் கண்ணெதிரே நடந்தது. 2021 மே மாதம் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனது. டவுன் பஸ் எட்டும் தூரத்தில் இருக்கும் அணைக்கு, ஒரு பாட்டியும் இரண்டு மகள்களும் பேத்தியும் போய்வரும் செலவு ஒரே நாளில் ஏறக்குறைய இல்லாமல் போனது. 2021க்கு முந்தைய கணக்கையும் பிந்தையதையும் ஒரே கோட்டில் வைத்தால், காரணம் புரியாமல் 'வளர்ச்சி' என்று ஒன்றைப் பார்ப்பீர்கள். வண்டி நிறுத்தக்காரருக்கு அந்த வளர்ச்சியில் ஒரு பைசாவும் கிடையாது என்பது வேறு விஷயம்.

வட்டம் போடுவது அமெரிக்கச் சமவெளிக்குச் சரி. மேற்குத் தொடர்ச்சி மலையில் காம்பஸ் வைத்து வட்டம் போட்டால் சிரிப்பு வரும். பரம்பிக்குளத்தைப் பாருங்கள்: இருப்பது பாலக்காடு மாவட்டத்தில், கேரள மண்ணில். ஆனால் பாலக்காட்டுக்காரர் காரில் போக வேண்டுமானால் தமிழ்நாட்டுக்குள் வந்து, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத்தான் மறுபடி கேரளத்துக்குள் போக வேண்டும். வரைபடத்தில் பக்கம், வண்டிக்குத் தூரம். ஆகையால் கிலோமீட்டரை விட்டுவிட்டு, வந்து சேர ஆகும் நேரத்தால் மண்டலம் பிரியுங்கள். முக்கால் மணி நேரத்துக்குள், ஒன்றரை மணி நேரத்துக்குள், மூன்று மணி நேரத்துக்குள் என்று மூன்று போதும். அதற்கு மேல் வருகிறவர்கள் அணையை மட்டும் பார்க்க வருவதில்லை. பழனிக்கோ வால்பாறைக்கோ போகும் வழியில் இறங்குகிறவர்கள்; அவர்கள் கணக்கு அந்த ஊர்களின் கணக்கோடு சேர்ந்தது.

எந்த மண்டலத்தில் எத்தனை பேர்? 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி கோவை மாவட்டத்தில் 34.58 லட்சம், திருப்பூரில் 24.79 லட்சம், பாலக்காட்டில் 28.10 லட்சம், திருச்சூரில் 31.21 லட்சம், மலப்புறத்தில் 41.13 லட்சம். பழைய எண்கள்தான், ஆனால் விகிதம் பார்க்கப் போதும். இதில் கவனியுங்கள்: பொள்ளாச்சிப் பக்கத்து அணைக்கு வரக்கூடிய கூட்டத்தில் பாதிக்கு மேல் எல்லைக்கு அந்தப் பக்கம் வசிக்கிறது. நான் கொழிஞ்சாம்பாறைக்காரன், கேரளத்தில் வரி கட்டிக்கொண்டு தமிழில் சண்டை போடுகிறவன். எங்கள் சித்தூர் தாலுகாவில் ஞாயிறு மாலைக்கு மலம்புழாவும் ஒன்றுதான், ஆழியாறும் ஒன்றுதான். மலம்புழா அணையே பாலக்காடு சென்னை மாநிலத்தோடு இருந்த காலத்தில் கட்டியது. 1955 அக்டோபரில் திறந்துவைத்தவர் அன்றைய முதல்வர் காமராஜர். மக்கள் அதன்பின் வந்த மாநில எல்லையைப் பார்த்துப் பொழுதுபோக்குவதில்லை. அதிகாரிகள் மட்டும்தான் தங்கள் மாநிலத்து மக்கள்தொகையை வைத்தே கணக்குப் போடுகிறார்கள்.

யார் எங்கிருந்து வருகிறார்கள் என்று அறிய ஒவ்வொருவரையும் நிறுத்திக் கேட்க வேண்டாம். நிறுத்தத்தில் நிற்கும் வண்டிகளின் நம்பர் பலகையைப் பாருங்கள். டிஎன் 41 பொள்ளாச்சி, கேஎல் 70 சித்தூர், கேஎல் 09 பாலக்காடு, கேஎல் 08 திருச்சூர், கேஎல் 10 மலப்புறம். பையன் ஒருவனை உட்காரவைத்து மணிக்கு ஒருமுறை கோடு போடச் சொன்னால் போதும். பதிவு ஒரு ஊர், குடியிருப்பு ஒரு ஊர் என்று கொஞ்சம் கலப்படம் இருக்கும். வாடகை வண்டிகளும் குழப்பும். பரவாயில்லை. ஒரு சாதாரண ஞாயிறு, ஒரு தமிழ்நாட்டு விடுமுறை, ஒரு கேரள விடுமுறை என்று மூன்று விதமான நாளிலும் எடுங்கள். கூடவே ஒரு வண்டியில் எத்தனை பேர் என்பதையும் குறியுங்கள். பைக்கில் வரும் இரண்டு பேரும், டெம்போ டிராவலரில் வரும் கூட்டமும் ஒரே சராசரிக்குள் அடங்கமாட்டார்கள். வண்டி வகைவாரியாக வையுங்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். நம் எல்லை அணைகளின் கூட்டத்தைத் தீர்மானிப்பது நாள்காட்டி. அதுவும் ஒன்றல்ல, இரண்டு மூன்று நாள்காட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்தவை.

ஓணத்தை எடுங்கள். திருவோணம் 2023இல் ஆகஸ்ட் 29, 2024இல் செப்டம்பர் 15, 2025இல் செப்டம்பர் 5. கேரளப் பள்ளிகளுக்கு அதை ஒட்டிப் பத்து நாள் விடுமுறை. உங்கள் மூன்று வருஷக் கணக்கை மாதவாரியாகச் சராசரி எடுத்தால், ஒரு வருஷம் ஆகஸ்டில் இருந்த ஓணக்கூட்டம் மற்ற இரண்டு வருஷம் செப்டம்பரில் உட்கார்ந்திருக்கும். சராசரியில் ஆகஸ்ட் கொஞ்சம் வீங்கும், செப்டம்பர் கொஞ்சம் இளைக்கும். இரண்டுமே எந்த வருஷத்திலும் நடக்காத ஒன்றைக் காட்டும். ரமலான் பெருநாள் இன்னும் மோசம், வருஷத்துக்குப் பதினொரு நாள்போல முன்னே நகரும்: 2023இல் ஏப்ரல் 22, 2025இல் மார்ச் 31. 2024இல் கேரளத்தில் ஏப்ரல் 10, தமிழ்நாட்டில் மறுநாள் 11. பிறை தெரிந்ததைப் பொறுத்தது அது. பெருநாளுக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் மலப்புறத்து வண்டிகள் திரண்டு வரும். அதற்கு முந்தைய நோன்பு மாதம் முழுக்க அதே வண்டிகள் காணாமல் போயிருக்கும். இந்தப் பள்ளத்தைப் பலர் கவனிப்பதில்லை. மார்ச்சில் வெயிலால் கூட்டம் குறைந்தது என்று எழுதிவிடுகிறார்கள்.

ஆடிப்பெருக்கு தேதி மாறாது, ஆகஸ்ட் 2 அல்லது 3. கிழமை மாறும். 2023இல் வியாழன், 2024இல் சனி, 2025இல் ஞாயிறு. வியாழனில் வந்தால் சுற்றுவட்டாரப் பெண்கள் கட்டுச்சோற்றோடு காலையிலேயே வந்து மதியத்துக்குள் கிளம்பிவிடுவார்கள். ஞாயிறில் வந்தால் கோவை, திருப்பூர் வண்டிகளும் சேர்ந்துகொள்ளும். காணும் பொங்கலும் இப்படித்தான்: 2025இல் வியாழன், 2026இல் சனி. அதே வாரத்தில் பொங்கலுக்குக் கேரளத்தில் எல்லையோர ஆறு மாவட்டங்களுக்கு மட்டும் உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள், பாலக்காடும் அதில் ஒன்று. திருச்சூருக்கு இல்லை. ஆக அந்த வாரம் கேஎல் 09 வரும், கேஎல் 08 வராது. தீபாவளி தமிழ்நாட்டில் ஊரே வீட்டில் இருக்கும் நாள், கூட்டம் மறுநாள்தான். கேரளத்தின் பெரும்பகுதிக்கு அது ஒரு விடுமுறை, அவ்வளவுதான். அவர்கள் வண்டியை எடுத்துவிடுவார்கள். பள்ளிக்கோடையும் ஒன்றாகத் தொடங்குவதில்லை. கேரளத்தில் மார்ச் கடைசியோடு தேர்வு முடிந்துவிடும். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் ஏப்ரலிலும் பரீட்சை எழுதிக்கொண்டிருப்பார்கள். ஏப்ரல் முதல் பாதி கேரளத்தாருடையது, மே இருவருக்கும் பொது, சில வருஷங்களில் ஜூன் தொடக்கம் தமிழ்நாட்டாருடையது.

எனவே தாளில் தேதி, கிழமை என்ற பத்திகளுக்குப் பக்கத்தில் இரண்டு பத்தி போடுங்கள்: தமிழ்நாட்டில் விடுமுறையா, கேரளத்தில் விடுமுறையா. இரண்டிலும் விடுமுறையான நாளுக்கு மூன்றாவதாக ஒரு பத்தி, ஏனென்றால் இரண்டு கூட்டமும் மோதும் நாளில் எண்ணிக்கை வெறுமனே கூடி நிற்காது. சாலை அடைத்து, பாதிப்பேர் உள்ளே வராமலே திரும்புவார்கள். விடுமுறைக்கு முதல் நாள், மறுநாள் என்பதையும் குறித்துவிடுங்கள். என் கணிப்பில் இந்த நான்கு பத்தியும் சேர்ந்து, மற்ற எல்லாவற்றையும்விட அதிக வேலை செய்யும்.

அடுத்தது தண்ணீர். அணையைப் பற்றிய கேள்விக்குத் தண்ணீரை இவ்வளவு தாமதமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்க ஆய்வுகளில் நீர்மட்டம் முதல் வரிசையில் நிற்கும். மீட் ஏரி, பவல் ஏரி போன்ற இடங்களில் மக்கள் சொந்தப் படகைக் கொண்டுவந்து இறக்குகிறார்கள். மட்டம் இறங்கினால் படகு இறக்கும் சரிவுத்தளம் தண்ணீருக்கு எட்டாது, கூட்டம் குறையும். நம் ஊரில் படகு கொண்டுவருகிறவர் யார்? மலம்புழாவிலும் ஆழியாற்றிலும் பூங்கா அணைக்குக் கீழே இருக்கிறது. உள்ளே தண்ணீர் 60 அடியா 90 அடியா என்பது ஊஞ்சலில் ஆடும் பிள்ளைக்குத் தெரியாது. அதனால் நீர்மட்டத்தை அப்படியே ஒரு பத்தியாகப் போட்டால் பெரிதாக ஒன்றும் சொல்லாது.

மாறாக, இரண்டு கோடியிலும் அது பேசும். ஷட்டர் திறந்தார்கள் என்று செய்தி வந்தால் அன்று மாலையே பாலக்காட்டுக்காரர்கள் மலம்புழாவுக்குக் கிளம்பிவிடுவார்கள். வேலை நாள் என்றும் பார்க்கமாட்டார்கள். ஆழியாறு 120 அடியைத் தொட்டு உபரி வெளியேறும் நாளும் அப்படியே. மறுகோடியில், தண்ணீர் வற்றினாலும் கூட்டம் வரும் அணைகள் உண்டு. பவானிசாகரில் மட்டம் நன்றாக இறங்கினால் மூழ்கிக்கிடக்கும் டணாய்க்கன்கோட்டைக் கோயில் வெளியே தெரியும், அதைப் பார்க்கவே ஆட்கள் போவார்கள். ஆக மட்டத்தை எண்ணாகப் போடாமல், "ஷட்டர் திறந்த நாள்", "திறந்த முதல் வாரம்" என்று ஆம், இல்லை பத்திகளாக வையுங்கள். முதல் வாரத்தின் வேகம் இரண்டாம் வாரத்தில் இருக்காது.

பிஏபி அணைகளில் இன்னொன்று. பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தில் மட்டம் மழையை மட்டும் நம்பி ஏறி இறங்குவதில்லை. சித்தூர்ப்புழைக்கு மணக்கடவு வழியாக வருஷத்துக்கு 7.25 டிஎம்சி கேரளத்துக்குப் போக வேண்டும். திருமூர்த்தி அணைக்கு வரும் தண்ணீர் காண்டூர் கால்வாயில் வந்து, நான்கு மண்டலப் பாசனத்துக்குச் சுற்றுமுறையில் போகிறது. அந்த வருஷம் எந்த மண்டலத்துக்கு எப்போது திறப்பு என்பது பாசன அலுவலகத்தில் கேட்டால் தெரியும். வானிலையைவிட நம்பகமான முன்கூட்டிய தகவல் அது.

மழை பற்றி ஒரு வார்த்தை. அன்றைய மழை ஆளைக் குறைக்கும், முந்தைய வார மழை ஆளைக் கூட்டும். அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று பார்க்கத்தான் பாதிப்பேர் வருகிறார்கள். அடுத்த வருஷம் எந்த ஞாயிறு மழை என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகையால் ஏலத்துக்கான வருஷக் கணிப்பில், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இத்தனை ஞாயிறு நனையும் என்று பழைய மழைக் கணக்கை வைத்துப் பொதுவாகக் கழித்துக்கொள்ள வேண்டியதுதான். தினசரி ஆள் போடும் கணிப்புக்கு மட்டும் வானிலை அறிவிப்பைப் பாருங்கள்.

பக்கத்து இடங்கள் உங்களுக்குப் போட்டியா கூட்டாளியா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆழியாற்றுக்கு மேலே கவியருவி இருக்கிறது, குரங்கருவி என்றால்தான் பலருக்குப் புரியும். வெள்ளம் வந்தாலும் வனத்துறை குளிக்கத் தடை போடும், வறண்டாலும் மூடும். தடை போட்டால் அந்தக் கூட்டம் பூங்காவுக்கு வந்து நிரம்புமா, இல்லை அருவி இல்லையென்றால் வீட்டிலேயே இருந்துவிடுமா? காலையில் திடீரென்று தடை போட்டால் வந்தவர்கள் பூங்காவில் ஒதுங்குவார்கள். முந்தின நாளே அறிவித்தால் வரவே மாட்டார்கள். செங்கோட்டைப் பக்கம் குற்றாலத்தில் தடை விழுந்தால் குண்டாறு அணைப் பக்கம் வண்டி திரும்பும். அங்கே அது போட்டி உறவு. உங்கள் இடத்தில் எது என்பதை உங்கள் கணக்குப் புத்தகம்தான் சொல்லும்: தடைத் தேதிகளைப் பத்திரிகைகளிலிருந்து திரட்டி, அந்த நாட்களின் சீட்டு எண்ணிக்கையைத் தனியே பாருங்கள்.

புதிதாக வந்திருக்கும் பெரிய மாற்றம் இ-பாஸ். ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே 7இலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவில் வந்தது. 2025 ஏப்ரலில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று உச்சவரம்பும் வைத்தார்கள். வால்பாறைக்கு 2025 நவம்பர் 1 முதல் இ-பாஸ். ஆழியாறு வழியாக மேலே போகும் வண்டிக்கூட்டத்தை இது எப்படித் திருப்பும் என்பதற்குப் பழைய மூன்று வருஷக் கணக்கில் பதில் கிடையாது. பாஸ் எடுக்காமல் வந்தவர்கள் கீழேயே தங்கிவிட்டால் உங்களுக்கு லாபம். வேறு திசைக்கே போய்விட்டால் நஷ்டம். நவம்பருக்குப் பிந்தைய மாதங்களைத் தனியாக வைத்து, அதற்கு முந்தைய வருஷத்தின் அதே வகை நாட்களோடு ஒப்பிடுங்கள். உச்சவரம்பு வந்துவிட்ட இடத்தில் சீட்டுக் கணக்கு விருப்பத்தை அளக்காது, வரம்பைத்தான் அளக்கும். பரம்பிக்குளத்தில் அனுமதிப்பதே ஒரு அளவுக்குத்தான் என்பதால் அங்கே வருகையைக் கணிப்பதில் அர்த்தமே இல்லை.

கணக்கு போடும் விதம் எளிது. இந்த வகை எண்ணிக்கையில் காரணங்கள் ஒன்றோடொன்று கூடுவதில்லை, பெருகுகின்றன. உதாரணத்துக்கு, எண்கள் கற்பனை: சாதாரண வேலை நாளில் 300 பேர். ஞாயிறு என்றால் 4 மடங்கு, 1,200. அந்த ஞாயிறு ஓண விடுமுறைக்குள் விழுந்தால் மேலும் 2 மடங்கு, 2,400. காலையில் மழை பிடித்தால் 0.6 மடங்கு, 1,440. இந்த மடங்குகளை உங்கள் மூன்று வருஷத் தினசரிக் கணக்கிலிருந்து கண்டுபிடிப்பதுதான் மொத்த வேலையும். எக்செல்லில் சீட்டு எண்ணிக்கைக்கு மடக்கை (log) எடுத்து, மேலே சொன்ன பத்திகளை வைத்துத் தொடர்புப்போக்குக் கோடு (regression) போட்டால் கிடைத்துவிடும். கல்லூரியில் புள்ளியியல் படிக்கும் பிள்ளை யாராவது இருந்தால், எதிர்மறை ஈருறுப்பு (negative binomial) என்ற கணித மாதிரியைப் போடச் சொல்லுங்கள். வழக்கமாகப் போடும் பாய்சான் (Poisson) என்ற இன்னொரு மாதிரி, சராசரியும் சிதறலும் சமம் என்று எடுத்துக்கொள்ளும். அணைக்கூட்டத்தில் சிதறல் சராசரியைவிடப் பல மடங்கு இருக்கும். 2020, 2021 கணக்கு இருந்தால் தூக்கிப் போடுங்கள், கொரோனா காலம். இன்னும் பழைய கணக்கு கிடைத்தால் 2018 ஓணத்தையும் எடுத்துவிடுங்கள். அந்த ஆகஸ்டில் கேரளமே வெள்ளத்தில் இருந்தது.

பத்திகளை இருபது முப்பது என்று அடுக்காதீர்கள். மூன்று வருஷத்தில் மூன்றே ஓணம்தான் இருக்கிறது. அதற்குள் மழை ஓணம், வெயில் ஓணம், ஷட்டர் திறந்த ஓணம் என்று பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள்கூடத் தேறாது. கடைசி வருஷத்தை மூடி வைத்துவிட்டு, முதல் இரண்டு வருஷத்தை மட்டும் கொண்டு அதைக் கணித்துப் பாருங்கள். கூடவே ஒரு சோம்பேறிக் கணிப்பையும் ஓடவிடுங்கள்: "போன வருஷம் இதே வாரம், இதே கிழமை எத்தனையோ அத்தனை". உங்கள் சூத்திரம் அதை ஜெயிக்கவில்லை என்றால் சூத்திரத்தைத் தூக்கி எறியலாம். பண்டிகை நாட்களில் ஜெயிக்கும், சாதாரணச் செவ்வாயில் ஜெயிக்காது என்று நினைக்கிறேன். அது போதும், செவ்வாயில் உங்களுக்கு ஒன்றுமில்லை.

நாள் எண்ணிக்கையிலிருந்து நிறுத்தத்துக்கு வருவதற்கு இன்னொரு படி. ஒரு நாளில் 6,000 பேர் வந்தால் 6,000 பேருக்கும் ஒரே நேரத்தில் இடம் வேண்டாம். பூங்கா 9 மணி நேரம் திறந்திருக்கிறது, ஒருவர் சராசரி 3 மணி நேரம் இருக்கிறார் என்று வைத்துக்கொண்டால், எந்நேரமும் உள்ளே இருப்பவர் சராசரியாக 2,000. மாலை நான்கு மணி வாக்கில் அது ஒன்றரை மடங்காகும் என்றால் 3,000. அதில் பாதிப்பேர் காரில், காருக்கு ஐந்து பேர் என்றால் 300 கார். இந்த மூன்று மணி நேரம், ஒன்றரை மடங்கு, ஐந்து பேர் மூன்றும் நான் சும்மா எடுத்தவை. உங்கள் இடத்தில் நம்பர் பலகை எழுதும் பையனே இவற்றையும் எழுதிக் கொடுப்பான். வண்டி உள்ளே வந்த நேரமும் போன நேரமும் சீட்டில் இருந்தால் இன்னும் நல்லது.

எந்த நாளுக்காக இடம் ஒதுக்குவது? வருஷத்தின் உச்ச நாளுக்கு என்றால் மற்ற நாளெல்லாம் நிலம் சும்மா கிடக்கும். நெடுஞ்சாலைப் பொறியாளர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: வருஷத்தின் மணி நேரங்களை நெரிசல் வரிசையில் அடுக்கி, 30ஆவது இடத்தில் இருப்பதற்குச் சாலை அகலத்தைக் கணக்கிடுவார்கள். முதல் 29 மணி நேரம் நெரிசலைப் பொறுத்துக்கொள்வது என்று முடிவு. நீங்கள் நாட்களை அப்படி அடுக்கி, எட்டாவது அல்லது பத்தாவது நாளுக்கு நிரந்தர இடம் வைத்துக்கொண்டு, அதற்கு மேலான நாட்களுக்குப் பக்கத்துத் தோட்டக்காரரிடம் ஒரு நாள் வாடகைக்குப் பேசி வையுங்கள். அந்தப் பேச்சை ஆடி மாதம் பிறந்தபின் தொடங்கினால் தோட்டக்காரர் விலை வேறாக இருக்கும்.

கடைசியாக ஏலம். கணிப்பு எப்போதும் ஒரே எண்ணாக வராது, ஒரு வீச்சாகத்தான் வரும். பத்து வருஷத்தில் இரண்டு வருஷமாவது இதைவிடக் குறையும் என்ற எண் ஒன்று, நடு எண் ஒன்று, மேல் எண் ஒன்று. ஏலத்தில் கை தூக்கும்போது கீழ் எண்ணை மனதில் வைத்துத் தூக்குங்கள். பத்துப்பேர் தனித்தனியே கணித்து ஏலம் கேட்டால், ஜெயிக்கிறவர் பெரும்பாலும் அந்தப் பத்துப்பேரில் அதிகமாகக் கணித்துவிட்டவர்தான். பக்கத்தில் நிற்பவர் ஏற்றிக்கொண்டே போனால் அவருக்கு உங்களுக்குத் தெரியாதது ஏதோ தெரியும் என்று எண்ணிக்கொண்டு நீங்களும் ஏறாதீர்கள். அனேகமாக அவர் போன வருஷ ஆடிப்பெருக்கு ஞாயிறை நேரில் பார்த்தவராக இருப்பார்.

ஒப்பந்தத்தை வாங்கிப் படிக்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். வெள்ள எச்சரிக்கை, பராமரிப்பு, அரசு உத்தரவு என்று அணையை மூடிய நாட்களுக்குக் குத்தகைத் தொகையில் கழிவு உண்டா என்பது ஒன்று. குத்தகை வருஷம் எந்தத் தேதியில் தொடங்கி எதில் முடிகிறது என்பது மற்றொன்று. ஏப்ரல் முதல் மார்ச் வரை என்றால் 2025 ரமலான் பெருநாள் மார்ச் 31இல் விழுந்ததைப் போன்ற விபத்து நேரும்: பெருநாள் ஒரு குத்தகைக்காரருக்கு, அதன் மறுநாள் கூட்டம் அடுத்தவருக்கு. நீங்கள் எடுக்கும் வருஷத்துக்குள் எத்தனை ஞாயிறு, எந்தெந்தப் பண்டிகை எந்தக் கிழமையில் விழுகிறது என்று இரண்டு மாநிலக் காலண்டரையும் வைத்து எழுதிவிட்டு, அதன்பின் தொகையை எழுதுங்கள்.